கரையில் நிற்கும் நீர் கடலாகுமா?

சென்னையிலும் அதை அடுத்த கடலோர ஊர்களிலும் கடல்மீன் தொட்டி வைத்து வளர்ப்பதில் பிரியமுள்ளவர்களிடையே ஓர் அபிப்பிராயம் வெகுகாலமாக வேரூன்றி, இப்போது ஏறக்குறைய ஒரு சித்தாந்தத்தின் அந்தஸ்தையே அடைந்திருக்கிறது. கடல்மீனுக்குக் கடல்நீரே உகந்தது. அந்தக் கடலோ நம் வாசலில் அலையடித்துக்கொண்டிருக்கிறது. அப்படியிருக்கக் குழாய்த் தண்ணீரை இயந்திரத்தில் வடிகட்டி, கடையில் உப்பு வாங்கிக் கரைத்து, வீட்டுக்குள் ஒரு கடலைச் செய்ய முற்படுவது காசைக் கரியாக்கும் காரியம் என்பதே அந்த அபிப்பிராயம். கொளத்தூர் மீன் கடைத் தெருவில் புதிதாகத் தொட்டி வாங்க வருகிறவரிடம் முதலில் சொல்லப்படுகிற யோசனையும் பெரும்பாலும் இதுதான். நான் இதை மறுக்க முன்வந்திருக்கிறேன். மறுப்பதற்குமுன், இதை இரண்டு வருஷ காலம் முழு மனத்தோடு நம்பி நடந்தவன் நான் என்பதைச் சொல்லிவிடுவது நியாயம்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இயற்கையாகக் கிடைப்பதைவிட மனிதன் கலந்து தயாரிப்பது எந்நாளும் ஒரு படி தாழ்ந்ததே என்கிற எண்ணம் நம் எல்லோர் மனத்திலும் ஊறியிருக்கிறது. கிணற்று நீரையும் பசும்பாலையும் பற்றி நமக்குள்ள அபிமானத்தைக் கடல்நீருக்கும் நீட்டிவிடுகிறோம். அதோடு, கையில் கேனை எடுத்துக்கொண்டு போய் இலவசமாக மொண்டுவரக்கூடிய ஒரு பொருளுக்குப் பதிலாக, கிலோக்கணக்கில் உப்பை விலைகொடுத்து வாங்கும்படி ஒருவன் சொன்னால், அவன் கடைக்காரனுக்கு வேண்டியவன் என்று சந்தேகிப்பதும் மனித ஸ்வபாவமே.

என் சந்தேகம் தெளிந்தது ஒரு கார்த்திகை மாதத்தில். நாலைந்து நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்து, வானம் வெளுத்திருந்த ஒரு காலையில், தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றவேண்டிய முறை வந்ததால், வழக்கம்போல் இரண்டு இருபது லிட்டர் கேன்களோடு திருவான்மியூர்க் கரைக்குப் போய், முழங்காலளவு நீரில் நின்று மொண்டுகொண்டிருந்தேன். கேனைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் நீர் கண்ணாடிபோல் இருந்தது. ஒரு தூசு இல்லை. சற்றுத் தள்ளி வலையை உதறிக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர் என்னையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, "மீன் தொட்டிக்கா சார் எடுக்கிறீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "இது ஆத்துத் தண்ணி கலந்தது சார், உப்பே ஏறல. பத்துப் பதினஞ்சு நாள் போவட்டும்" என்றார். நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அவர் சொல்லைக் கேட்காமல் இரண்டு கேன்களையும் நிரப்பிக்கொண்டு வந்தேன். வீட்டில் அடர்த்திமானியை இட்டுப் பார்த்தபோது தொட்டி நீர் 1.025 என்றும் கேன் நீர் 1.019 என்றும் காட்டின. அப்போதும், இருநூறு லிட்டரில் நாற்பது லிட்டர்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஊற்றினேன். மறுநாள் மாலை கோமாளி மீன்கள் இரண்டும் நீர்மட்டத்துக்கு வந்து செவுள் படபடக்க வாயைத் திறந்து திறந்து மூடின. கடற்சாமந்தி தன் விரல்களையெல்லாம் உள்ளிழுத்துக்கொண்டு ஒரு சுருங்கிய பழத்தோலைப்போல் கிடந்தது. மூன்றாம் நாள் தொட்டியில் உயிர் இல்லை.

அவை எதனால் இறந்தன என்று என்னைக் கேட்டால், இன்றுவரை எனக்குத் தெரியாது. உப்பு குறைந்ததால் மட்டும் இறந்திருக்க வேண்டியதில்லை. தொட்டி முழுவதிலும் கலந்தபின் அந்த வித்தியாசம் சிறிதே. ஆற்றோடு வந்த சாக்கடையோ, ஏதேனும் ஓர் உலோகமோ, பூச்சிமருந்தோ, கண்ணுக்குத் தெரியாத பாசியின் நஞ்சோ, செவுளைத் தாக்கும் ஒட்டுண்ணியோ, எதுவாகவும் இருந்திருக்கலாம். எது என்று நிர்ணயிக்க வழியில்லாத நீரை நான் ஊற்றினேன் என்பதுதான் என்னுடைய குற்றம். என் வழக்கின் சாரமும் அதுவே. தொட்டிக்குத் தகுந்த நீர் எது என்ற கேள்விக்கு, இயற்கையா செயற்கையா என்ற பிரிவினையால் விடை கிடைக்காது. பூர்வோத்தரம் அறிந்த நீரா, அறியாத நீரா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

சமுத்திரம் எங்கும் ஒன்றே என்று ஆக்ஷேபிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்ஷத்தில் ஒரு பெரிய பிரமாணமும் இருக்கிறது. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த சாலஞ்சர் என்னும் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற ரசாயன சாஸ்திரி நுணுகிப் பரிசோதித்து, கடல்நீரில் கரைந்துள்ள முக்கியமான உப்புக்களின் மொத்த அளவு இடத்துக்கு இடம் கூடினாலும் குறைந்தாலும், அவை ஒன்றுக்கொன்று கொண்டுள்ள விகிதம் மாறுவதில்லை என்பதை 1884ல் வெளியிட்டார். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புக்கள். அவற்றில் குளோரைடு, சோடியம், சல்பேட்டு, மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகிய ஆறுமே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல். இது மறுக்கமுடியாத உண்மை. ஆனால் அந்த மாதிரிகள் அகன்ற சமுத்திரத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்பதை நம் நண்பர்கள் மறந்துவிடுகிறார்கள். நதி வந்து சேரும் கரைக்கு அந்த விதி செல்லாது. வங்காள விரிகுடாவோ நதிகளால் நிறையும் கடல்.

கங்கையும் பிரம்மபுத்திராவும் மகாநதியும் கோதாவரியும் கிருஷ்ணையும் தென்மேற்குப் பருவமழையில் கொண்டுவந்து கொட்டுகிற நன்னீர் அத்தனையும், ஐப்பசி கார்த்திகையில் கடலோரமாகவே தெற்கு நோக்கி இறங்கிவரும் நீரோட்டத்தில் ஏறி நம் கரைக்கு வந்துசேர்கிறது. அந்தச் சமயத்தில்தான் நம் ஊரின் மழையும் பெய்கிறது. ஆகையால், சித்திரை வைகாசியில் ஆயிரத்துக்கு 33, 34 என்று நிற்கும் உப்பு, மழைக்காலத்தில் 30க்கும் கீழே இறங்கிவிடுகிறது. முகத்துவாரங்களின் அருகே இன்னும் தாழ்கிறது. வடக்கே எண்ணூரில் கொசஸ்தலையாறு, நடுவே கூவம், தெற்கே அடையாறு, இவற்றையெல்லாம் குறுக்கே கோத்துக்கொண்டு பக்கிங்காம் கால்வாய்: கோடையில் மணல் மூடிக்கிடக்கும் இந்த முகங்கள், பெருமழையில் உடைத்துக்கொண்டு, பல மாதங்களாகத் தேங்கிக் கறுத்துக்கிடந்த நீரை ஓரிரு நாளில் கடலுக்குள் தள்ளுகின்றன. விரலை நனைத்து நாக்கில் வைத்த பெரியவர் எனக்குச் சொன்னது இந்தச் சரித்திரத்தைத்தான். அவர் அதை ஒரு வாக்கியத்தில் சொன்னார்.

கண்ணுக்குத் தெரியும் விபத்துக்களை நான் ஆதாரமாகக் காட்டப் போவதில்லை. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியதும், மக்கள் வாளிவாளியாகத் தார்போன்ற எண்ணெயைக் கரையிலிருந்து அள்ளியதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகம் மீண்டும் எண்ணெயில் மூழ்கியதும் எல்லோரும் அறிந்தவை. அத்தகைய நாட்களில் யாரும் நீர் மொள்ளப் போகமாட்டார்கள். எனக்குக் கவலை தருவது 2019 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நம் கடற்கரைகளில் அலைகள் நீல ஒளிவீசிப் பளபளத்தபோது, ஊரே திரண்டு போய் வியந்து நின்ற அந்தக் காட்சிதான். அது நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர் கோடிக்கணக்கில் பெருகியதன் விளைவு. அந்த நீரைக் கேனில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் அவ்வளவும் விரைவில் செத்து அழுகி, நீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்து, அம்மோனியாவை விட்டுச்செல்லும். ஒளிவீசாத நாட்களிலும் இதே காரியம் சிறிய அளவில் ஒவ்வொரு கேனிலும் நடக்கத்தான் செய்கிறது. நமக்கு அது தெரிவதில்லை.

"அந்த நீரில்தானே மீன் வாழ்கிறது?" என்பது அடுத்த கேள்வி. வாழ்கிறது, ஆனால் எந்த மீன்? நெத்திலியும் காரைப்பொடியும் மடவையும் வாழ்கின்றன. மடவை ஆற்றுக்கும் கடலுக்கும் மாறிமாறிப் போகக்கூடிய மீன். அதன் உடம்பு அதற்கென்றே அமைந்தது. நாம் தொட்டியில் வைக்க ஆசைப்படும் கோமாளி மீனும் அதன் தோழமைக்குரிய கடற்சாமந்தியும் பவளப்பாறைகளின் பிரஜைகள். அவை வாழும் நீரில் உப்பின் அளவு வருஷம் முழுவதும் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும், பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் அளவுகோலுக்கே அகப்படாத அளவு சொற்பமாக இருக்கும். மெரினாவில் பவளப்பாறை இல்லாததற்குக் காரணம் அந்த நீரிலேயே எழுதியிருக்கிறது. தவிரவும், கடலில் ஒரு மீனுக்கு நீர் பிடிக்கவில்லையென்றால் அது ஆழத்துக்கு இறங்கும், விலகிப் போகும்; நாலடித் தொட்டியில் இருக்கிற மீன் எங்கே போகும்?

இன்னொரு சாட்சியத்தையும் கவனிக்கவேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே மரக்காணம்வரை போனால், கடலைப் பார்த்தபடி இறால் குஞ்சுப் பண்ணைகள் பல நிற்கின்றன. கடல் அவர்களுக்கு நம்மைவிட அருகில். நீரும் அவர்களுக்கு இலவசமே. ஆயினும் அவர்கள் உறிஞ்சிய நீரை அப்படியே ஒரு தொட்டியிலும் விடுவதில்லை. மணல் வடிகட்டியில் செலுத்தி, குளோரின் இட்டு அதிலுள்ள உயிரையெல்லாம் கொன்று, காற்றுச் செலுத்தி, மிஞ்சிய குளோரினை தயோசல்பேட்டால் முறித்து, உலோகங்களைக் கட்டுவதற்கு ஈ.டி.டி.ஏ. என்னும் ரசாயனத்தைச் சேர்த்து, பின்னும் நுண்வடிகட்டிகளில் செலுத்தியே குஞ்சுக்கு விடுகிறார்கள். அந்த நீரால் ஜீவனம் நடத்துகிறவர்கள் அதை நம்பவில்லை. பொழுதுபோக்குக்காக இரண்டு மீன் வளர்க்கிற நாம் நம்புகிறோம். லண்டனில் 1871ல் திறக்கப்பட்ட கிரிஸ்டல் பாலஸ் மீன்காட்சிச்சாலையை அமைத்த ஆல்ஃபோர்ட் லாயிட், கண்ணாடித் தொட்டிகளில் இருந்ததைப்போல் பல மடங்கு நீரை வெளிச்சம் புகாத நிலவறைத் தேக்கங்களில் வைத்துச் சுழலவிட்டார் என்பதும் கவனிக்கத்தக்கது. இருட்டில் வாரக்கணக்கில் கிடந்தால் கடல்நீரிலுள்ள நுண்ணுயிர்கள் மடிந்து அடியில் படியும், மேலே நிற்கும் நீர் பக்குவப்படும் என்பது பழைய ஆசிரியர்கள் கண்ட முறை. மொண்ட கையோடு ஊற்றுவது எந்தக் காலத்திலும் சாஸ்திரமாக இருந்ததில்லை.

"1909லேயே மெரினாவில் மீன்காட்சிச்சாலை நடந்ததே!" என்று சரித்திரம் படித்த நண்பர் ஒருவர் என்னிடம் வாதித்தார். நடந்தது. அப்போது இந்தப் பட்டணத்தின் ஜனத்தொகை சுமார் ஐந்து லட்சம். இன்றைய பட்டணத்தின் கழிவை ஏந்திவரும் ஆறுகளை அன்றைய ஆறுகளாக எண்ணி வாதிப்பது பொருந்தாது.

இவ்வளவு சொன்னபின், எதிர்க்கட்சிக்கு உரிய நியாயத்தையும் கொடுத்துவிடுகிறேன். மண்டபத்திலும் ராமேசுவரத்திலும், பெரிய நதி எதுவும் வந்து விழாத மன்னார் வளைகுடாக் கரையில், மழை இல்லாத மாதத்தில், படகில் தூரம் போய் நீர் எடுத்து, இருட்டில் வைத்திருந்து, அளந்து பார்த்துப் பயன்படுத்துகிறவர் ஒருவர் இருந்தால், அவரோடு எனக்கு வழக்கு இல்லை; அவருடைய நீர் என் நீரைவிட மேலானதாகவும் இருக்கலாம். இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர் இயற்கைக் கடல்நீர், உயிர்ப்பாறை, ஒரு காற்றுக்குமிழி இவற்றைக்கொண்டே பவள உயிர்களையும் வளர்த்துக்காட்டி, அந்த முறையை 1961ல் எழுதி உலகுக்கு அறிவித்தார். அதை நான் மரியாதையோடு ஒப்புக்கொள்கிறேன். அவருக்குப் பவளக்கடலின் தெளிந்த நீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சென்னைவாசிக்கு அடையாற்று முகத்துவாரம் இருக்கிறது. அவருடைய பலனை எதிர்பார்த்து இவர் இந்த நீரை மொள்வதுதான் பிழை.

இனி, கடல்நீர் வேண்டாம் என்று ஒப்புக்கொண்டவர்களும் வந்து விழுகிற இரண்டாவது பள்ளம் ஒன்று உண்டு. "கடல்நீரைக் காய்ச்சினால் உப்பு; உப்பைக் கரைத்தால் கடல்நீர்; மரக்காணத்துக் கல்லுப்பு போதாதா?" என்பது அவர்கள் யுக்தி. கேட்பதற்கு நேர்த்தியாக இருக்கிறது. உப்பளத்தில் ஒருநாள் நின்று பார்த்தவர்கள் இப்படிச் சொல்லமாட்டார்கள். பாத்திக்குப் பாத்தி நீரைச் சுண்டவிட்டுக்கொண்டே போகும்போது முதலில் சுண்ணாம்புச் சத்து படிந்துவிடுகிறது, அடுத்து ஜிப்சம் படிகிறது, நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகே சாப்பாட்டு உப்பு பூக்கத் தொடங்குகிறது. அதை வாரி எடுத்தபின் பாத்தியில் நிற்கிற கசப்பு நீரைத் தொட்டு நாக்கில் வைத்தால் முகம் கோணும். மக்னீசியம் ஏறக்குறைய முழுவதும், பொட்டாசியத்தில் பெரும்பகுதியும் அதில்தான் இருக்கின்றன. அந்த நீரை வெளியே விட்டுவிடுகிறார்கள். எனவே கடலிலிருந்து வந்த கல்லுப்பு, கடலின் கால்சியத்தை ஒரு பாத்தியிலும் மக்னீசியத்தை இன்னொரு பாத்தியிலும் இழந்துவிட்டு வந்த உப்பு. சமையலுக்கு அது வெகு சிறப்பு, பிரித்தெடுப்பதுதானே அங்கே நோக்கம். லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் 1300 மில்லிகிராமை ஒட்டி மக்னீசியமும் எதிர்பார்க்கிற உயிர்களுக்கு அந்த உப்புக் கரைசல் கடலாகாது.

கடைகளில் விற்கும் மெரைன் சால்ட் என்பது, பாத்தியில் பிரிந்துபோன அந்த உறுப்பினர்களை உரிய விகிதத்தில் மீண்டும் ஒன்றுசேர்த்த கலவை. இதை வியாபாரிகளின் சூழ்ச்சி என்று சொல்கிறவர்களுக்கு ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்துகிறேன். 1846ல் டார்க்கீ கடற்கரையிலிருந்து பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்த அன்னா தின் என்ற அம்மையார், நீர் கெடாமலிருக்க அதை ஜன்னலோரத்தில் ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஆற்றி ஆற்றி ஊற்றவேண்டியிருந்தது. அந்த வேலை வீட்டுப் பணிப்பெண்ணுக்கு விதிக்கப்பட்டது. கடலிலிருந்து தூரத்தில் இருக்கிறவர்களின் இந்த இடுக்கண் தீரவேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடுதான் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை விஞ்ஞானி, நாலு வகை உப்புக்களை நன்னீரில் கரைத்துக் கடல்நீர் செய்யும் விதியை 1854ல் பிரசுரித்தார். எந்தக் கடைக்கும் அவர் ஏஜண்டு அல்லர். அவருக்குப் பின் டிட்மாரின் பரிசோதனை வந்து, விகிதம் மாறாதது என்று நிலைநாட்டியபிறகு, கடல்நீர் செய்யக்கூடிய வஸ்து என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று.

ஆனால் உப்பு எவ்வளவு உத்தமமானதாக இருந்தாலும் அதைக் கரைக்கிற நீர் எது? என் மனத்தில் இந்த விவாதத்தின் உயிர்நிலை இதுதான். இரு கட்சியாரும் அலட்சியமாகக் கடந்துபோகிற இடமும் இதுதான். "நாங்கள் குடிக்கிற தண்ணீர், மீனுக்கு ஆகாதா?" என்று கேட்கிறார்கள். ஆகாது என்று தயக்கமின்றிச் சொல்வேன். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், செம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்று சொல்லி, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம்வரை அனுமதிக்கிறது. மனிதனுக்கு அதனால் கேடில்லை. கடல்மீனின் ஒட்டுண்ணியைக் கொல்வதற்கு மருந்தாக இடும் செம்பின் அளவோ லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம்தான், அந்த அளவிலேயே கடற்சாமந்தியும் இறாலும் நத்தையும் மடிந்துவிடும் என்பதால், அந்த மருந்தைத் தனித் தொட்டியில்தான் கொடுக்கவேண்டும் என்று ஒவ்வொரு புத்தகமும் எச்சரிக்கிறது. ஆகவே, நாம் சட்டப்படி குடிக்கக்கூடிய நீர் அவற்றுக்கு ஏழெட்டு மடங்கு விஷமாக இருக்க இடமிருக்கிறது. நைட்ரேட்டின் கதையும் அப்படியே: நமக்கு 45 மில்லிகிராம்வரை தகும், பவளக்கடலில் அது இல்லையென்றே சொல்லலாம்.

தென் சென்னையில் உள்ள ஒரு நண்பர், தம் தெருவுக்கு வருவது நெம்மேலியில் கடல்நீரைச் சுத்திகரித்து அனுப்பும் நீர் என்பதால் அது சவ்வில் வடிகட்டிய ஆர்.ஓ. நீருக்குச் சமானம் என்று தைரியமாக இருந்தார். நெம்மேலியில் சவ்வைத் தாண்டிவருகிற நீர் சுத்தமானதே. ஆனால் அப்படியே அனுப்பினால் குழாயை அரிக்கும், குடிக்கவும் உகந்ததல்ல என்பதால், அதற்கு மறுபடி தாது உப்பைச் சேர்த்து, குளோரினும் இட்டுத்தான் அனுப்புகிறார்கள். அது ஏரி நீரோடு கலக்கலாம். தெருக் குழாயில் வந்து, நம் வீட்டுத் தொட்டியில் நேற்றைய லாரி தண்ணீரோடு சேர்ந்து, மாடித் தொட்டிக்கு ஏறி இறங்கும்போது அதன் பிறப்பை யார் உரைக்க முடியும்? கேன் தண்ணீரை நம்புகிறவர்களுக்கும் இதே பதில். கரைந்த பொருள் 500 மில்லிகிராம்வரை இருக்க அதற்கு அனுமதி உண்டு, இந்த வாரக் கேனும் அடுத்த வாரக் கேனும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற நியதியும் இல்லை. ஏ.சி. பெட்டியிலிருந்து சொட்டும் நீரைச் சேகரிக்கிறவர்கள், அது செம்புச் சுருளின்மேல் குளிர்ந்து படிந்து வழிந்த நீர் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

சமையலறை ஆர்.ஓ. இயந்திரத்தைப் பற்றித் தனியே சொல்லாமல் விடமுடியாது, ஏனெனில் மிகுந்த ஜாக்கிரதையுள்ளவர்களும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். என் வீட்டு இயந்திரத்தின் குழாயில் பிடித்த நீரை, கரைந்த பொருளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்தபோது 110 என்று காட்டியது. இயந்திரம் பழுது என்று எண்ணி மூடியைத் திறந்து பார்த்தேன். சவ்விலிருந்து வருகிற மெல்லிய குழாயோடு, சவ்வுக்குப் போகாத நீரைக் கொஞ்சம் கொண்டுவந்து கலக்கிற இன்னொரு குழாய், ஒரு சிறு திருகோடு பொருத்தப்பட்டிருந்தது. அதற்கப்பால் தாது சேர்க்கும் ஒரு குப்பியும் இருந்தது. குடிக்கிறவருக்கு ருசி வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. தன் காரியத்தை அது பழுதின்றிச் செய்துகொண்டிருந்தது. அந்தத் திருகை மூடி, குப்பிக்கு முன்னாலிருந்தே நீரைப் பிடித்தபோது எண் 14க்கு இறங்கியது. சவ்வு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குமேல் தடுக்கும். எஞ்சியதையும் பிடிக்கவேண்டுமானால் அதற்குப் பிறகு, கரைந்த அயனிகளை அகற்றும் டி.ஐ. ரெசின் குப்பி ஒன்று வேண்டும். அதையும் பொருத்தியபிறகு மீட்டர் பூஜ்யம் காட்டிற்று. சவ்வுக்கு முன்னால் கரி வடிகட்டி இருக்கவேண்டியது அவசியம். குளோரின் பட்டால் சவ்வு அரித்துப்போகும்.

பூஜ்யத்துக்கும் நூற்றுப்பத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள், தொட்டியிலிருந்து ஆவியாகிற நீரைக் கணக்கில் கொள்ளவில்லை. நம் ஊர் வெப்பத்தில், விசிறியும் சுழல, என் இருநூறு லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு மூன்று லிட்டர் குறைகிறது. ஆவியாய்ப் போவது வெறும் நீர். அதில் கரைந்திருந்தது அனைத்தும் தொட்டியிலேயே தங்குகிறது. வருஷத்தில் சுமார் 1100 லிட்டர், அதாவது தொட்டியைப்போல் ஐந்தரை மடங்கு நீர், ஈடுசெய்ய ஊற்றப்படுகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைபொருள் உள்ள குழாய் நீரானால், அரைக் கிலோவுக்கு மேற்பட்ட வேண்டாத பொருளை ஒரு வருஷத்தில் தொட்டிக்குள் இறக்கியிருப்போம். அதன் முதல் அடையாளம் கண்ணாடியில் படியும் பழுப்புப் பாசி, சிலிகேட்டைத் தின்று வளர்வது. கடல்நீர் பக்தர்களில் சிலர் ஆவியான அளவுக்கும் கடல்நீரையே ஊற்றி, உப்பை மாதாமாதம் ஏற்றிக்கொண்டே போய், மீன் சாகும் நாளில் ஆச்சரியப்படுவதையும் கண்டிருக்கிறேன். உப்பு எப்போதாவது வாங்குகிற பொருள், நன்னீரோ தினம் ஊற்றுகிற பொருள். எந்த நீரை ஆராய்ந்து தேர்ந்தெடுக்கவேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லும்.

கடைசியாக ஓர் ஆக்ஷேபம். இதற்குமட்டும் நான் தலைவணங்கிப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். ஒரு லிட்டர் சுத்த நீருக்கு மூன்று நாலு லிட்டரைக் கழித்துவிடும் இயந்திரத்தை, 2019 கோடையில் ஏரிகள் வறண்டு குடத்தோடு தெருவில் நின்ற ஒரு பட்டணத்தில், மீனுக்காக ஓட்டலாமா? அந்தக் கோடையை மறந்துவிட்டுப் பேச எனக்கு மனமில்லை. வாரத்துக்கு எனக்குச் செலவாவது, மாற்றுவதற்கு இருபது லிட்டரும் ஈடுசெய்ய இருபது லிட்டரும். கழிவதாகிய நூற்றிருபது லிட்டருக்குக் குறையாத நீரை ஒரு டிரம்மில் பிடிக்கிறேன். அது சாக்கடையல்ல, உப்பு சற்றுக் கூடிய அதே குழாய் நீர். எங்கள் வீட்டின் தரை துடைப்பும் கழிப்பறை உபயோகமும் அதில்தான் நடக்கின்றன. குழாய் நீர் அந்த அளவுக்கு மிச்சமாகிறது. தொட்டியின்மேல் கண்ணாடி மூடி ஒன்று போட்டால் ஆவியாவதும் பாதியாகக் குறையும். இப்படிப் பிடித்து உபயோகிக்க இடமும் மனமும் இல்லாதவர்கள் கடல்மீன் தொட்டி வைக்கவேண்டாம் என்று சொல்வதற்கும் நான் தயங்கவில்லை. மீன் வளர்ப்பது நம் விருப்பம். அந்த விருப்பத்தின் செலவை ஊருக்கு எழுதிவைக்க நமக்கு உரிமை இல்லை.

இவ்வளவு கேட்டும், கடல் வாசலில் இருக்கிறதே என்கிற நண்பர்களை நான் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். வருகிற கார்த்திகையில், பெருமழை ஓய்ந்த மறுநாளும் அதற்குப் பதினைந்தாம் நாளும், அதே கரையில், அதே இடத்தில் நின்று இரண்டு பாட்டிலில் நீர் எடுத்துவரட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டை, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் இட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, இரண்டு எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதட்டும். மிச்சத்தைப் பாட்டிலிலேயே மூன்று நாள் மூடிவைத்திருந்து, பிறகு திறந்து முகர்ந்து பார்க்கட்டும். அந்தக் காகிதத்தையும் அந்தப் பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு அவர்கள் என் வீட்டுக்கு வரட்டும். விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.